காலடிப்பேட்டையிலிருந்து ஒரே ரயிலில்: பழைய மண்டபங்களும் நம் கேமராவும்



உங்கள் மொபைலில் எத்தனை படங்கள் இருக்கின்றன என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிறந்தநாள் கேக், மொட்டை மாடியிலிருந்து பிடித்த புயல் மேகம், பார்க்கிங்கில் யாரோ குறுக்கே நிறுத்திய வண்டி, லிஃப்ட் கதவில் ஒட்டிய அறிவிப்பு என்று ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றில் நம் பேட்டையின் பழைய கட்டடம் ஒன்றாவது இருக்கிறதா? ஓட்டு வீடு, கல் தூண், மரக் கதவு, கட்டிய ஆண்டு பொறித்த முகப்பு என எதுவானாலும் சரி. பெரும்பாலோரிடம் இருக்காது. தினமும் பார்ப்பதை நாம் படம் எடுப்பதில்லை. அது ஒருநாள் இல்லாமல் போன பிறகுதான் யாரிடமாவது படம் இருக்குமா என்று தேடுகிறோம்.

இந்தக் காலாண்டு இதழில் சென்னையின் பழைய மண்டபங்களைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியதற்கு இதுவே காரணம். அதோடு இன்னொரு வசதியும் நமக்கு இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபோது காலடிப்பேட்டைக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. நகரத்தின் புகழ்பெற்ற மண்டபங்களில் பலவும் அந்த நீலத் தடத்தின் ஓரத்திலேயே இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில் மாறாமல் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

புறப்படும் முன் நம் ஊரிலிருந்தே ஆரம்பிப்போம்.

கவர்னரின் முகம் இருக்கிறது

காலடிப்பேட்டை என்ற பெயரைக் கேட்டதும் சிலருக்கு ஆதிசங்கரர் பிறந்த காலடி நினைவுக்கு வரும். சிலர் பெருமாளின் காலடி என்பார்கள். உண்மையில் இது ஒரு வெள்ளைக்காரரின் பெயர். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலட். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அப்போது துணிதான் உயிர்மூச்சு. துணி வேண்டுமென்றால் நெசவாளரும் சாயம் தீட்டுவோரும் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். திருவொற்றியூர் 1708இல் நவாபிடமிருந்து கம்பெனிக்குக் கிடைத்த ஐந்து கிராமங்களில் ஒன்று. அதன் அருகே நெசவாளர்களை வரவழைத்துக் குடியமர்த்திய ஊர்தான் காலட்பேட்டை. தமிழ் நாக்கில் புரண்டு புரண்டு அது காலடிப்பேட்டை ஆனது.

இங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலோடும் காலட்டின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கம்பெனியில் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் காஞ்சி வரதரை வணங்காமல் வேலைக்கு வரமாட்டாராம். தாமதத்துக்குக் காரணம் கேட்ட கவர்னர், "இந்த நேரத்தில் காஞ்சியில் என்ன நடக்கிறது, சொல் பார்ப்போம்" என்றாராம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அங்கே உற்சவத்தில் ஏற்பட்டிருந்த ஒரு தடங்கலைச் சொன்னாராம். ஆளனுப்பி விசாரித்தால் அது அப்படியே உண்மையாக இருந்ததாம். அதன் பிறகு பக்தருக்காக இங்கேயே கோயில் எழும்பியது என்பது கதை. சொல்பவருக்குச் சொல்பவர் விவரம் மாறும். இதை வரலாறு என்று நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை. ஓர் ஊர் தன் பிறப்பை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

காலட் எப்படி இருந்தார் என்று நமக்குத் தெரியும். சென்னைக்கு வருமுன் அவர் சுமத்ராவில் கம்பெனி அதிகாரியாக இருந்தார். அப்போது, 1716இல், சின்குவா என்ற சீனக் கலைஞர் அவரைச் சிறு உருவச் சிலையாகச் செய்து வண்ணம் தீட்டினார். காலட் அதை இங்கிலாந்திலிருந்த தன் மகளுக்கு அனுப்பி வைத்தார். இன்று அது லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கியின் நிறம் உட்பட எல்லாவற்றையும் பார்க்கலாம்.

அவர் அழைத்து வந்த நெசவாளர்களின் முகம் நமக்குத் தெரியாது. அவர்கள் தறி போட்ட கூடமும் பாவு விரித்த தெருவும் எப்படி இருந்தன என்று காட்ட ஒரு படம் இல்லை. மூன்று நூற்றாண்டுக்கு முன் கேமரா இல்லை, அதனால் அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. இன்று ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு கேமரா இருக்கிறது. இனி அந்தக் காரணத்தை நாம் சொல்ல முடியாது.

மண்டபம் என்றால் என்ன?

மண்டபம் என்றதும் இன்று நமக்குக் கல்யாண மண்டபம்தான் நினைவுக்கு வருகிறது. பக்கத்தில் இருக்கும் திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலுக்குப் போய்ப் பார்த்தால் அந்தச் சொல்லின் பழைய விரிவு புரியும். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கல்லில் எடுக்கப்பட்ட அதன் விமானம், யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானைமாட வடிவம் கொண்டது. அந்தக் கோயிலின் கல்வெட்டுகள் பல மண்டபங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன.

அவற்றில் ஒன்று ராஜராஜன் திருமண்டபம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜாதிராஜ சோழன் பங்குனித் திருவிழாவின்போது அங்கே அமர்ந்து, சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாற்றைச் சொல்லக் கேட்டான் என்கிறது ஒரு கல்வெட்டு. சுந்தரர் சங்கிலியாரை மணந்தது இதே ஊரில், மகிழ மரத்தின் கதையோடு. கதை நடந்த ஊரிலேயே அரசன் உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறான். இன்னொன்று வியாகரணதான மண்டபம். அங்கே பாணினியின் வடமொழி இலக்கணம் பாடம் சொல்லப்பட்டது. அதன் பராமரிப்புக்கு நிலங்கள் எழுதி வைக்கப்பட்டிருந்தன. இன்றைய மொழியில் சொன்னால் ஒன்று கலையரங்கம், மற்றொன்று கல்லூரி.

ஊர் கூடும் இடம், கேட்கும் இடம், கற்கும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் மண்டபம். ராயபுரத்தில் ஒரு பகுதிக்கே கல்மண்டபம் என்று பெயர். பஸ் நிறுத்தத்தில் தினமும் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறோம்.

கேமரா வந்த கதை

சென்னை மாகாணத்தில் கட்டடங்களை முறையாகப் படம் எடுக்கத் தொடங்கியவர் லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. 1850களின் இறுதியில் அவர் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். 1857 டிசம்பரில் கிளம்பி, திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அப்போது ஃபிலிம் சுருள் கிடையாது. மெழுகு பூசிய பெரிய தாளில்தான் நெகட்டிவ் எடுக்க வேண்டும். வெயிலும் சூடும் ரசாயனத்தைக் கெடுக்கும். மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டுதான் ஊர் ஊராகப் போக முடியும்.

தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். நாம் இன்று மொபைலில் எடுக்கும் பனோரமாவுக்கு அதுதான் தாத்தா. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலை அவர் படம் எடுத்தபோது அது பாழடைந்து கிடந்தது. 1859இல் புதிய கவர்னர் டிரெவெல்யன் வந்ததும், இந்தப் படமெடுப்பு நிதி நிலைமைக்கு ஒவ்வாத ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்திவிட்டார்.

ஆடம்பரம் என்று ஒதுக்கப்பட்ட அந்தப் படங்கள்தான் இன்று பல கட்டடங்கள் அன்று இருந்த நிலைக்குக் கிடைக்கும் முதல் சாட்சி. நாயக்கர் மகாலை 1860களின் பிற்பகுதியில் நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது பழுது பார்த்தார்கள். அந்தப் பணியைக் கவனித்தவர் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசோம். அவர் பெயர் இந்தக் கட்டுரையில் மறுபடியும் வரும்.

பயணத்தைத் தொடங்குவோம்: ராயபுரம்

முதல் இறக்கம் வண்ணாரப்பேட்டை. அங்கிருந்து ராயபுரம் ரயில் நிலையத்துக்கு ஆட்டோவிலேயே போய்விடலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. கவர்னர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்து வைத்தார். விருந்து தடபுடலாக நடந்தது. லண்டனில் வெளிவந்த படப் பத்திரிகை ஒன்று நிலையத்தின் சித்திரத்தையே அச்சிட்டது.

இதைவிட மூத்த நிலையங்கள் பம்பாயிலும் தாணேயிலும் இருந்தன. ஆனால் அவற்றின் மூலக் கட்டடங்கள் இன்று இல்லை. அதனால் இந்தியாவில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் நம் ராயபுரத்தில் இருப்பதுதான். சென்ட்ரல் கட்டடம் வந்தது 1873இல். 1922 வரை மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமையிடம் ராயபுரத்திலேயே இருந்தது. பிறகு நிலையம் மெல்ல மெல்லக் கவனிப்பாரற்றுப் போய், கூரையும் சுவரும் சிதைந்து, 2005இல்தான் புதுப்பிக்கப்பட்டது.

இங்கே படம் எடுக்கும்போது முன்புறத் தூண் வரிசையைப் பாருங்கள். தூண் தலைப்பில் சுருள் சுருளாக இருக்கும் வேலைப்பாடு கிரேக்கப் பாணியைச் சேர்ந்தது. காலையில் போனால் தூண்களின் நிழல் நீளமாக விழும். மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்த நம் மூதாதையர் அந்தத் தூண்களை எந்தப் பக்கமிருந்து பார்த்திருப்பார்கள் என்றும் யோசித்துப் பாருங்கள்.

உயர் நீதிமன்றம் நிலையம்: பச்சையப்பன், கோகலே

அடுத்த இறக்கம் உயர் நீதிமன்றம். என்.எஸ்.சி. போஸ் சாலையில் கடைகளின் இரைச்சலுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தால் ஒரு கிரேக்கக் கோயில் தெரியும். அதுதான் பச்சையப்பன் மண்டபம். ஏதென்ஸில் உள்ள தீசியஸ் கோயிலை மாதிரியாக வைத்து 1846இல் அடிக்கல் நாட்டி, 1850இல் கவர்னர் ஹென்றி பாட்டிஞ்சர் திறந்து வைத்த கட்டடம்.

கட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. பச்சையப்ப முதலியார் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, துபாஷியாக உழைத்துப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். 1794இல் இறக்கும்போது அறக்காரியங்களுக்கென்று உயில் எழுதி வைத்தார். அந்தப் பணம் பல பத்தாண்டுகள் வழக்கில் மாட்டிக்கொண்டது. கடைசியில் நீதிமன்றம் தலையிட்டு, அறத்துக்குப் போக மிஞ்சியதைக் கல்விக்குச் செலவிட வழி செய்தது. அதன் விளைவுதான் இந்த மண்டபம். பின்னாளில் உலகம் போற்றிய கணித மேதை ராமானுஜன் பச்சையப்பன் கல்லூரி மாணவராக இருந்து எஃப்.ஏ. தேர்வில் தவறினார். அறிஞர் அண்ணாவும் அதே கல்லூரியில்தான் படித்தார். கல்லூரி சேத்துப்பட்டுக்கு மாறியது 1940இல். அதாவது, இருவரும் படித்த காலத்தில் கல்லூரி இங்கேதான் இருந்தது.

1896 அக்டோபர் 26ஆம் தேதி இந்த மண்டபத்தில் 27 வயது வழக்கறிஞர் ஒருவர் பேசினார். தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் படும் பாட்டைச் சொன்னார். அந்த மக்களில் தமிழர்கள் ஏராளம் என்பதால் கூட்டம் உருகிக் கேட்டது. பேசியவர் மோகன்தாஸ் காந்தி. மகாத்மா என்ற பட்டமெல்லாம் வருவதற்குப் பல ஆண்டுகள் முந்தைய காந்தி.

அங்கிருந்து சற்று நடந்தால் அரண்மனைக்காரன் தெரு, அதாவது ஆர்மீனியன் தெரு. அன்னி பெசன்ட் 1914இல் இளைஞர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கி, அடுத்த ஆண்டு கோகலே பெயரில் ஓர் அரங்கம் எழுப்பினார். தன்னாட்சி இயக்கக் கூட்டங்களும் கச்சேரிகளும் நடந்த இடம். பிற்காலத்தில் பழுதடைந்த அந்த அரங்கை இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரிய ஆர்வலர்கள் நீதிமன்றம் போய்த் தடுத்தார்கள். அதற்குள் ஒரு பகுதி போய்விட்டது. கோகலே அரங்கின் உட்புறத்தை முழுமையாகக் காட்டும் ஒவ்வொரு பழைய படத்துக்கும் இன்று தனி மதிப்பு வந்தது அதனால்தான்.

சென்ட்ரல்: மூன்று கட்டடம், மூன்று விதி

சென்ட்ரலில் இறங்கினால் ஐந்து நிமிட நடைத் தூரத்துக்குள் மூன்று கதைகள் இருக்கின்றன.

முதலாவது மெமோரியல் ஹால், அரசு பொது மருத்துவமனைக்கு அருகில். 1857 கிளர்ச்சியிலிருந்து சென்னை தப்பியதற்கு நன்றி சொல்ல ஆங்கிலேயர்கள் கட்டியது. நம் பார்வையில் அது விடுதலைப் போர். அவர்கள் பார்வையில் ஆபத்து விலகிய செய்தி. கட்டடம் இரண்டு கதையையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. தள்ளுபடி விற்பனைக் கண்காட்சிக்காக நீங்களேகூட அதற்குள் போயிருக்கக்கூடும்.

இரண்டாவது விக்டோரியா பொது மண்டபம். விக்டோரியா மகாராணியின் பொன்விழாவையொட்டிப் பெயரிடப்பட்டு, 1880களின் இறுதியில் கட்டப்பட்டது. இந்தச் செங்கல் கட்டடத்துக்கு வரைபடம் தந்தவர் நாம் மதுரையில் சந்தித்த அதே சிசோம். கட்டிக் கொடுத்தவர் நம்பெருமாள் செட்டி. உயர் நீதிமன்றக் கட்டடமும் அவர் கைவண்ணமே. நன்கொடையில் முன் நின்றவர் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி. நிலம் நகரசபையுடையது. 99 ஆண்டுக் குத்தகை, மனை ஒன்றுக்கு ஆண்டு வாடகை எட்டணா. நம் அடுக்ககத்தில் பிரிக்கப்படாத நிலப் பங்குக்கு நாம் கொடுத்த விலையை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம்!

1897 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இங்கே பேசினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை இங்கே நாடகம் போட்டது. வழக்கறிஞர்களும் படித்தவர்களும் மேடை ஏறலாம் என்ற நிலையை உண்டாக்கிய சபை அது. சென்னை மக்கள் முதன்முதலில் சலனப்படம் பார்த்ததும் 1890களின் இறுதியில் இந்த மண்டபத்தில்தான். காட்டியவர் மெட்ராஸ் போட்டோகிராபிக் ஸ்டோர் என்ற கடையின் உரிமையாளர் ஸ்டீவன்சன். ஒரு போட்டோக் கடைக்காரர் போட்ட விதை, பின்னாளில் கோடம்பாக்கமாக முளைத்தது என்றுகூடச் சொல்லலாம். குத்தகை முடிந்து, வழக்குகள் நடந்து, கட்டடம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. மாநகராட்சி சுமார் 32 கோடி ரூபாய்த் திட்டத்தில் 2023இல் புதுப்பிக்கும் பணியைத் தொடங்கியது. படம் எடுக்கும்போது சதுரக் கோபுரத்தின் உச்சியைக் கவனியுங்கள். உடல் இத்தாலியப் பாணி, தலையில் திருவிதாங்கூர் பாணிக் கூரை.

மூன்றாவது கட்டடத்தை நீங்கள் படம் எடுக்க முடியாது. விக்டோரியா மண்டபத்தின் பக்கத்திலேயே, 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, புறா, பொம்மை என எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்த செங்கல் கட்டடம். வடசென்னையில் வளர்ந்த ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் ஒரு மூர் மார்க்கெட் கதை சொல்வார்கள். 1985 மே மாதத் தீ விபத்தில் அது போய்விட்டது. இன்று அங்கே புறநகர் ரயில் நிலைய வளாகம் நிற்கிறது, பக்கத்தில் பழைய மார்க்கெட்டின் சிறிய மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அத்தனை பெரிய சந்தை இன்று அந்த மாதிரியிலும் பழைய படங்களிலும்தான் இருக்கிறது.

நேரமிருந்தால் அடுத்த நிலையமான அரசினர் தோட்டத்திலும் இறங்குங்கள். அங்கே ராஜாஜி மண்டபம் இருக்கிறது. பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டணம் ஆகிய இரண்டு வெற்றிகளைக் கொண்டாட, கம்பெனியின் வானியலாளர் கோல்டிங்ஹாம் வரைந்து 1802இல் முடித்த விருந்து மாளிகை அது. வெள்ளைக்காரர்கள் நடனமாடக் கட்டிய அந்த உயரமான படிக்கட்டில்தான் அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோருக்குத் தமிழ்நாடு இறுதி மரியாதை செலுத்தியது. கட்டியவர்கள் நினைத்ததற்கு நேர்மாறான ஒரு நினைவு அந்தப் படிகளில் தங்கிவிட்டது.

ஒரு படம் எதற்கு உதவும்?

"படம் எடுத்து என்ன ஆகப்போகிறது, இடிப்பவர்கள் இடிக்கத்தானே செய்வார்கள்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

இரண்டாம் உலகப் போரில் போலந்தின் தலைநகர் வார்சாவின் பழைய நகரம் தரைமட்டமானது. போர் முடிந்ததும் அதை மறுபடி கட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டு ஓவியர் பெலோட்டோ தீட்டிய தெருக் காட்சிகளும், போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் அளந்து வரைந்து வைத்திருந்த தாள்களும் அவர்களுக்குக் கைகொடுத்தன. வகுப்புப் பயிற்சிக்காக வரைந்த தாள்கள் ஒரு நகரத்தை மீட்டன. 1980இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

நம் ஊருக்கு வருவோம். 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பை அடுத்து, நகரின் பாரம்பரியக் கட்டடங்களுக்கென ஒரு பாதுகாப்புக் குழு அமைந்தது. 2012இல் தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் வந்தது. ஆனால் ஒரு கட்டடம் பட்டியலில் ஏற வேண்டுமென்றால் முதலில் அது அங்கே இருக்கிறது என்று யாராவது காட்ட வேண்டும். அதன் வயது என்ன, எந்தப் பகுதி பழையது, எது பின்னால் சேர்த்தது என்பதற்குச் சான்று வேண்டும். தேதியுள்ள ஒரு படம் அந்தச் சான்றில் பாதி வேலையைச் செய்துவிடும். பழுது பார்க்க வரும் பொறியாளருக்கும் உடைந்த ஜன்னல் வளைவு முன்பு எப்படி இருந்தது என்று காட்டுவது அதுதான்.

விக்டோரியா மண்டபத்தைப் படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் பேட்டையில் மீதமிருக்கும் ஓட்டு வீட்டை, அதன் திண்ணையை, தேய்ந்த வாசற்படியைப் படம் எடுக்க நம்மைத் தவிர யாரும் இல்லை. இதில் நமக்கு ஒரு கடமையும் இருக்கிறது. வடசென்னையில் அடுக்ககங்கள் எழும்புவது பெரும்பாலும் பழைய வீடுகளும் பழைய ஆலை நிலங்களும் இருந்த இடத்தில்தான். நமக்கும் வீடு வேண்டும், அதில் குற்றம் எதுவுமில்லை. ஆனால் அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று தெரிந்துகொள்வதும் எழுதி வைப்பதும் அங்கே வந்து குடியேறியவர்கள் செய்யக்கூடிய மரியாதை.

எப்படி எடுப்பது?

விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. சில விஷயங்களைக் கவனித்தால் போதும்.

முதலில் முழுக் கட்டடம் தெரிய ஒரு படம். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, மொபைலை நிமிர்த்திச் சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் தூண்கள் பின்பக்கம் விழுவது போலத் தெரியும்.

அடுத்து நுணுக்கங்கள். அடிக்கல், ஆண்டு, பெயர்ப்பலகை, கதவு, ஜன்னல் கம்பி, தூண் தலைப்பு, தரை ஓடு. கல்வெட்டு எழுத்தை நேர் வெயிலில் எடுக்காதீர்கள். காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எழுத்து தெளிவாக எழும்பும்.

மூன்றாவது, சுற்றுப்புறம். பக்கத்துக் கடை, பஸ் நிறுத்தம், மின்கம்பம் எல்லாம் படத்தில் இருக்கட்டும். அழகைக் கெடுக்கிறது என்று இன்று நாம் ஒதுக்கும் விளம்பரப் பலகைதான் நாற்பது ஆண்டு கழித்து அந்தப் படத்தின் காலத்தைச் சொல்லும்.

நான்காவது, குறிப்பு. தேதி, தெருப் பெயர், எந்தத் திசை நோக்கி எடுத்தது, அங்கே யார் என்ன சொன்னார்கள் என்று நாலு வரி எழுதுங்கள். குறிப்பில்லாத படம் அடுத்த தலைமுறைக்கு வெறும் சுவர்.

ஐந்தாவது, சேமிப்பு. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி நுணுக்கம் போய்விடும். டாக்குமெண்ட் ஆக அனுப்புங்கள், அல்லது மூலப் படத்தை வேறொரு இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி விஷயத்தில் கவனம் வேண்டும். கோயில் சன்னதிக்குள் எடுக்காதீர்கள். ரயில், மெட்ரோ நிலையங்களில் ஊழியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். துறைமுகப் பகுதியில் பாதுகாப்புக் கட்டுப்பாடு உண்டு, ட்ரோன் யோசனையே வேண்டாம். யாருடைய வீடாக இருந்தாலும் வாசலில் நின்று, "அம்மா, பழைய வீடா இருக்கு, வெளியே நின்னு ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்ட வீட்டில் பெரும்பாலும் மோரும் கிடைக்கும், வீட்டின் கதையும் கிடைக்கும்.

நாம் செய்யக்கூடியது

சங்கத்துக்கு ஒரு யோசனையை முன்வைக்கிறேன். ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் விருப்பமுள்ள இரண்டு பேர் சேர்ந்து, அடுத்த இதழுக்குள் நம் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள், திட்டக் கட்டுரைக்கு உதவும். நம் குடியிருப்பிலேயே இருக்கும் மூத்தவர்களிடம், நாம் இங்கே வருமுன் இந்த இடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவர்கள் வீட்டு ஆல்பத்தில் கல்யாணப் படத்தின் பின்னணியில் ஒரு பழைய தெரு ஒளிந்திருக்கலாம். மணமக்களைத் தாண்டிப் பின்னால் இருக்கும் சுவரையும் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில் நின்று அதே படத்தை மறுபடி எடுத்து அடுத்தடுத்து வைத்தால், பேட்டையின் வரலாற்றை நாமே எழுதத் தொடங்கிவிட்டோம் என்று பொருள்.

படங்களைக் குறிப்புகளோடு சங்க அலுவலகத்தில் கொடுங்கள். தேர்ந்தெடுத்தவற்றை அடுத்த இதழில் வெளியிடுவோம், எல்லாவற்றையும் பத்திரமாகச் சேமித்து வைப்போம்.

மூன்று நூற்றாண்டுக்கு முன் இங்கே தறி போட்டவர்களின் படம் நம்மிடம் இல்லை. இன்று இங்கே மீன் கூடையோடு போகிறவரும், ஷிப்ட் முடிந்து வருகிறவரும், தேர் இழுக்கிறவரும், அவர்கள் கூடும் மண்டபமும் தெருவும் அதே போல் அடையாளமின்றிப் போக வேண்டியதில்லை. வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும். மொபைலில் சார்ஜ் போட்டுக்கொண்டு புறப்படுங்கள்.